அக்கா கொண்டுவந்த கோழிக்கூடை

முட்டைக்கார ஜப்பார் பாய் சாந்தம்மாளுக்குக் கெட்ட செய்தி ஒன்று கொண்டுவந்திருந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் அத்திக்கொல்லையில் கோழிகளுக்குக் கழிச்சல் கண்டிருக்கிறது, வீட்டுக்கு வீடு சுருண்டு விழுகின்றன என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை.

"உன் அக்கா வூட்டுல கொஞ்சம் மிஞ்சிக்கீதாம்மா. அதை எடுத்துகினு இன்னிக்கி இங்கதான் வர்றாங்க. வழியில என்னைப் பாத்து, தங்கச்சிகிட்ட சொல்லிடு பாய்னாங்க. நான் அந்த ஊருக்குள்ளயே போவல, வழியோட வந்துட்டேன்."

ஜப்பார் அடிவாரத்து ஆலங்காயத்திலிருந்து மலையேறி வந்து முட்டை வாங்குகிறவர். அவரை ஊருக்குள் விடாமல் எல்லைப் புளியமரத்தடியிலேயே நிறுத்தி, முட்டையை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பது சாந்தம்மாளின் ஏற்பாடு. முதலில் அவருக்கும் முகம் சுண்டத்தான் செய்தது. பிறகு, "நம்ம கூடையும் நாலு ஊரு சுத்துது, நீ சொல்றதும் ஞாயம்தான்" என்று பழகிக்கொண்டார். இன்றும் அவள் பாறைமேல் வைத்த முட்டைகளை எடுத்து வைக்கோலில் அடுக்கிக்கொண்டு, உப்பையும் மண்ணெண்ணெய்ப் புட்டியையும் அதே பாறையில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

கீழே ஊர்களில் சீனாக்காரனோடு சண்டை என்று ரேடியோ முன்னால் கூட்டம் கூடிய நாட்கள் அவை. சாந்தம்மாளுக்கான சண்டை மேலே அத்திக்கொல்லைப் பாதையில் தலைக்கூடையோடு வந்துகொண்டிருந்தது.

இந்த மலையில் ஒரு பழக்கம் உண்டு. ஓர் ஊரில் கோழிச்சீக்கு வந்துவிட்டால், மிஞ்சியிருக்கும் நல்ல கோழிகளைக் கூடையில் போட்டு, சீக்கு இல்லாத ஊரிலுள்ள சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். விருந்தாளி மாதிரி அவை அங்கே மேயும். ஊரில் சீக்கு தணிந்ததும் திரும்பி வரும். வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் உறவு அத்தோடு முறிந்தது.

முன்பொரு முறை சாந்தம்மாளும் அப்படித்தான் வாங்கி விட்டாள். புருஷன் மாதையனின் அண்ணன் கொண்டுவந்த கோழிகள் அவை. கொண்டை சிவக்க, கண் பளிச்சென்று, குறை சொல்ல ஒன்றுமில்லாமல் இருந்தன. இரண்டொரு நாளில் அவற்றில் ஒன்று வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது. இன்னொன்று கழுத்தை முறுக்கிக்கொண்டு தன்னைத்தானே சுற்றியது. வெங்காயமும் மிளகும் மஞ்சளும் வைத்து இடித்து உருட்டி, ஒவ்வொன்றின் வாயையும் பிளந்து போட்டாள். வேப்பிலை கட்டினாள். அந்த வாரம் முடிவதற்குள் அவளுடைய கோழிகளும் வாசலெங்கும் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து செத்தன.

பிழைத்தது ஒன்றே ஒன்று. ஆட்டுக்கொட்டாய்ப் பரணில் அடைக்கு உட்கார்ந்திருந்த கருங்கோழி. அது கீழே இறங்கவே இல்லை. இரையும் தண்ணீரும் தனிச் சட்டியில் மேலேயே போனது. விருந்துக் கோழியோடு கலந்தவை எல்லாம் போக, கலக்காதது மட்டும் மிஞ்சியது. சாந்தம்மாளுக்குப் பொட்டில் அடித்தாற்போல் உறைத்தது அன்றைக்குத்தான். நல்ல கோழி என்று நம்பித் தூக்கிவந்ததே சீக்கையும் உள்ளே வைத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஊரில் சொல்லிப் பார்த்தாள். "எல்லைச்சாமி கோவத்துக்கு உன் மச்சாண்டார் கூடை இன்னாடி பண்ணும்?" என்று சிரித்தார்கள்.

அந்தக் கருங்கோழியின் வம்சம்தான் இப்போது வாசல் நிறைய மேய்கிறது. மாசியில் புளி உலுக்கப்போன மாதையன் மரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டதிலிருந்து வீட்டில் அடுப்பெரிவது அவற்றால்தான். உப்பு, எண்ணெய், அரிசி எல்லாம் முட்டை. அதனால்தான் அவற்றுக்குச் சாம்பல் குழி வெட்டிக் கோழிப்பேன் அண்டாமல் பார்த்துக்கொண்டாள். முட்டைத்தோல் மெலிந்தால் நத்தை ஓட்டை நுணுக்கிப் போட்டாள். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு பார்ப்பாளா என்று ஊரில் கேலி பேசினார்கள். பேசட்டும். பிள்ளை இல்லாதவளை எதைச் சொல்லி வேண்டுமானாலும் பேசுவார்கள்.

ஆனால் அந்தக் கருங்கோழியை அவளுக்குக் கொடுத்தது யார்? அக்கா அம்சவல்லிதான். கல்யாணமாகி வந்த புதிதில், தங்கை வெறுங்கையோடு போகக்கூடாது என்று தன் வீட்டில் முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழியையே பிடித்து முந்தானையில் சுற்றிக் கொடுத்தாள். அம்மா செத்த பிறகு சாந்தம்மாளை இடுப்பில் தூக்கி வளர்த்ததும் அவள்தான். அவளை வராதே என்று சொல்லவேண்டும்.

வீட்டுக்கு ஓடிவந்து அகப்பட்ட கோழிகளைக் கூடைபோட்டுக் கவிழ்த்தாள். பாதிதான் அகப்பட்டன. மற்றவை சாமை அறுத்த கொல்லையில் சிந்திய மணிக்குப் பரவிக் கிடந்தன. கூப்பிடக் கூப்பிட இன்னும் தள்ளிப் போயின. கொடுவாளையும் முள் தள்ளுகிற கவைக்கோலையும் எடுத்துக்கொண்டு எல்லைக்கு ஓடி, ஒரு பெரிய இலந்தைக் கிளையை வெட்டி, கவைக்கோலால் தள்ளிப் பாதையின் குறுக்கே போட்டாள். போட்டு நிமிர்வதற்குள், ஓடை ஏற்றத்தில் அக்காவின் தலைக்கூடை தெரிந்தது.

அம்சவல்லி வேர்த்து விறுவிறுத்து வந்தாள். தங்கையைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. "எனக்காகவா வந்து நிக்கற? முள்ளைத் தள்ளுடி. கழுத்து ஒடியுது."

"அக்கா, அங்கயே நில்லு."

"இன்னாடி?"

"கூடையோட உள்ள வராத க்கா. உன் கால்ல வுழறேன். நீ வா. குளிச்சிட்டு வா. ஒரு மாசம் இருந்துட்டுப் போ. கோழி மட்டும் வேணாம்."

அம்சவல்லிக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மலர்ந்த முகம் அப்படியே நின்றுபோயிற்று. கூடையை மெல்ல இறக்கிக் காலடியில் வைத்தாள்.

"அந்த முட்டைக்கார பாயை நிறுத்தற எடத்துல என்னையும் நிறுத்தறியா?"

"உன்னை இல்ல க்கா."

"இதுல ஒண்ணுத்துக்காவது சீக்கு கீதா, பாரு. கண்ணைப் பாரு, கொண்டையைப் பாரு. நல்லதாப் பாத்துத்தான் எடுத்தாந்தேன். அத்தினியும் போயி இதான்டி மிச்சம். திரும்பி அந்த ஊருக்குள்ள இட்டுகினு போனா இதுவும் போவும்."

கூடையின் மேல் கட்டியிருந்த வலையை விலக்கிக் காட்டினாள். மேலே தலை நீட்டியது ஒரு கருங்கோழி. பரணில் பிழைத்த கோழியின் கூடப்பிறந்ததன் வழி வந்தது, பார்த்தாலே தெரிந்தது. அதே கருங்கால், அதே சிலுப்பிய கழுத்து. அக்கா அதற்குக் கருப்பி என்று பேர் வைத்திருப்பது சாந்தம்மாளுக்குத் தெரியும். நன்றாகத்தான் இருந்தது. மாதையனின் அண்ணன் கொண்டுவந்தவையும் நன்றாகத்தான் இருந்தன.

"மாட்டேன் க்கா."

"நான் குடுத்த கோழியோட வம்சம் உன் வூட்டுல மேயுது. என் கோழிக்கு அங்க எடம் இல்ல. அப்படித்தானே?"

சாந்தம்மாள் கவைக்கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சத்தம் கேட்டு ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் குப்பம்மா வாயில் கை வைத்துக்கொண்டு, "தூக்கி வளத்தவளை எல்லையில நிறுத்தறாளே, இப்படியும் ஒருத்தி உண்டா" என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் கோழிகளும் கொல்லையில்தான் மேய்ந்துகொண்டிருந்தன. அது அவளுக்கு உறைக்கவில்லை.

எல்லாருக்கும் பின்னால், தடியை ஊன்றிக்கொண்டு மாதையன் வந்தான். வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு குடிக்கக் கால் வலிக்கும் மனுஷனுக்கு, மானம் போகிறது என்றதும் எல்லை வரைக்கும் கால் வந்துவிட்டது.

"உனக்கு மூளை கீதா?" என்றான் பெண்டாட்டியிடம். "அண்ணி, நீ வா. இது என் வூடு. நான் கூப்புடறேன்."

"கிட்டப் போவாதீங்க! கூடையைத் தொடாதீங்க!"

தொடாதே என்றால் தொடுகிற ஜாதி அவன். முள்ளைச் சுற்றிக்கொண்டு புதரோரமாய் நொண்டி நொண்டிப் போய், தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து கூடையைத் தூக்கினான். இரண்டடி வைத்தான். மழையில் ஊறிய மண் வழுக்கியது. கூடை சாய்ந்தது. விலக்கிய வலை வழியாகக் கருப்பி இறக்கையடித்து வெளியே பாய்ந்தது.

பாய்ந்த கோழி நேரே முள்ளின் அடியில் நுழைந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஒரு கணம் நின்று கழுத்தைத் தூக்கிப் பார்த்தது. கொல்லையிலிருந்து சாந்தம்மாளின் சேவல் கூவியது. கருப்பி அந்தக் குரலை நோக்கி ஓட்டமெடுத்தது.

"புடி! புடி!" என்று யாரோ கத்தினார்கள். பிடித்துவிட முடியும் என்றுதான் சாந்தம்மாளும் ஓடினாள். கருப்பி பிடிகொடுக்கவில்லை. வேலியைத் தாண்டினால் கொல்லை. கொல்லையில் தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன அவள் கோழிகள், குப்பம்மாவின் கோழிகள், ஊர்க் கோழிகள் எல்லாமே. ஒன்றோடு ஒன்று கொத்திக்கொள்ளப் போகிற தூரம்தான். வேறு எதையும் யோசிக்க நேரமில்லை. கவைக்கோலை இரண்டு கையாலும் ஓங்கி அடித்தாள்.

ஒரே அடிதான். கருப்பி வேலியோரத்தில் ஒருமுறை துள்ளிவிட்டு அடங்கியது.

சாந்தம்மாள் திரும்பிப் பார்த்தாள். முள்ளுக்கு அந்தப் பக்கம் அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தாள். அக்கா சாய்ந்த கூடையை நிமிர்த்தி வலையை இழுத்து மூடினாள். அதை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிப் பாறையில் போய் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

குப்பம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "சரி, நடந்தது நடந்துபோச்சி. கோழி நல்லா கொழுத்துக்கீது. வீணாப் போவானேன், நான் ஆஞ்சிக் குழம்பு வச்சிடறேன்."

"இறகையும் குடலையும் எங்க போடுவ?"

"எங்க போடுவாங்க, குப்பையிலதான்."

"அதை எல்லாக் கோழியும் கொத்தும். போ அந்தாண்ட!" சாந்தம்மாள் போட்ட சத்தத்தில் குப்பம்மா நிஜமாகவே பின்வாங்கினாள்.

கருப்பியைக் கவைக்கோலாலேயே தள்ளி, எல்லைக்கு வெளியே ஆழமாய்க் குழி வெட்டிப் புதைத்தாள். கோலையும் அதிலேயே போட்டு, மேலே முள்ளையும் கல்லையும் வைத்தாள். புதைக்கும்போது அதன் வயிற்றைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. முட்டை கட்டிப் பருத்திருந்தது. நாளைக்கு இடவேண்டிய முட்டை. கழிச்சலின் தடம் எங்கும் தெரியவில்லை. நல்ல கோழியைக் கொன்றுவிட்டோமோ என்ற எண்ணம் அப்போது வந்தது. வந்தது போகவில்லை, நெஞ்சில் கல்லாய் உட்கார்ந்துகொண்டது.

மாதையன் ஊருக்குள் திரும்பப் பார்த்தான். அவனையும் மறித்தாள். "நீங்களும் ஓடைக்குப் போங்க. சாம்பல் போட்டுத் தேச்சிக் குளிங்க. வேட்டியைத் தொவைங்க. அப்பறமா வாங்க." அவள் முகத்தைப் பார்த்தவன் எதிர்த்துப் பேசாமல் ஓடைப்பக்கம் நொண்டினான். அவளும் குளித்து ஈரச்சீலையோடு வீட்டுக்குப் போய், ஒரு சொம்பு தண்ணீரும் களியும் கீரைக்குழம்பும் எடுத்துவந்து, ஜப்பார் முட்டை எடுக்கிற அந்தப் பாறையின் மறுகோடியில் வைத்துவிட்டு முள்ளுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"தண்ணியாவது குடி க்கா."

அம்சவல்லி திரும்பவில்லை.

பொழுது மேற்கே சாய்ந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் போய்விட்டார்கள். போகும்போது ஆளுக்கொரு பேச்சு பேசிவிட்டுத்தான் போனார்கள். நாளைக்கு மலை முழுக்க இந்தக் கதை போய்விடும்: கோழிக்காக அக்காவை வெளியே நிறுத்தியவள், அக்கா கண்ணெதிரே அவள் கோழியை அடித்துக் கொன்றவள். சாந்தம்மாளின் கண் அக்காவின் கூடை மேலேயே இருந்தது. மீதிக் கோழிகள் வலைக்குள் அமைதியாகப் படுத்திருந்தன. அவற்றுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டினாள். அடுத்த மூச்சிலேயே, ஒன்றும் ஆகாவிட்டால் தான் செய்தது என்ன என்று பயந்தாள். இரண்டு வேண்டுதலும் ஒரே நெஞ்சில் கிடந்து அடித்துக்கொண்டன. இப்படியொரு பாவம் யாருக்கும் வரக்கூடாது.

அக்காவுக்குத் தாகம் தாங்கவில்லைபோலும். கடைசியில் எட்டிச் சொம்பை எடுத்துத் தூக்கிக் குடித்தாள். மிச்சத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக் கூடைக்குள் நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

"இன்னா க்கா?"

அம்சவல்லி கூடைமேல் குனிந்தாள். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டு இழுக்கிற மாதிரி, கர்ரென்று. சாந்தம்மாளுக்குத் தெரியாத சத்தமா அது? அக்கா செவலைக் கோழி ஒன்றைத் தூக்கி வெளியே விட்டாள். அது வாயைப் பிளந்தது. ஒரு இறக்கை மண்ணில் தொங்கியது. நடக்கப் பார்த்துப் பின்னுக்குப் போனது. பிறகு கழுத்து மெல்ல முறுக்கிக்கொண்டது, தலை வானத்தைப் பார்த்தது. பச்சையாய்க் கழிந்தது.

அம்சவல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கோழியை எடுத்துத் திரும்பவும் கூடைக்குள் வைத்து வலையைக் கட்டினாள். அந்தக் கைகள் முடிச்சுப் போட முடியாமல் தடுமாறுவதைப் பார்த்ததும் சாந்தம்மாளுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. முள்ளாவது எல்லையாவது! இலந்தைக் கிளையைக் காலால் ஒதுக்கிக்கொண்டு, "அக்கா!" என்று ஓடினாள்.

"அங்கயே நில்லுடி!"

அப்படியொரு சத்தத்தை அக்கா இதுவரை போட்டதில்லை. சாந்தம்மாள் நின்றுவிட்டாள். அம்சவல்லி எழுந்து வந்து, ஒதுங்கிக் கிடந்த இலந்தைக் கிளையை வெறுங்கையால் பிடித்து இழுத்துத் திரும்பப் பாதையின் குறுக்கே போட்டாள். உள்ளங்கையில் முள் கிழித்து ரத்தம் வந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"என் சீலையெல்லாம் கோழி எச்சம். என்னைத் தொட்டுட்டு உன் வாசல்ல போய் நின்னா இன்னா ஆவும்? நீதானே சொன்ன?"

"அக்கா..."

"அந்தச் சொம்பை எடுக்காத. களித்தட்டையும் எடுக்காத. நானே எடுத்துகினு போயிடறேன்." இரண்டையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். தங்கையின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். "கருப்பியை நினைச்சி மருகாத. அது நேத்திலேர்ந்தே இரை எடுக்கல. நான்தான் வாயைத் தொறந்து கஞ்சி ஊத்தினேன். தெரிஞ்சேதான் எடுத்தாந்தேன்."

அது நிஜமா, தங்கையின் மனம் ஆறட்டும் என்று அந்த நேரத்தில் கட்டிச் சொன்னதா என்று சாந்தம்மாளுக்குக் கடைசிவரை தெரியாது. கேட்கவும் அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

"இதுங்களை இன்னா பண்ணுவ க்கா?"

"ஓடைக்கு அந்தாண்ட குழி வெட்டறேன். வேற இன்னா பண்றது." அம்சவல்லி நடக்கத் தொடங்கினாள். கொஞ்சதூரம் போய், திரும்பாமலே நின்றாள். "பொங்கல் கழிஞ்சி உன் கோழி அடைக்கு உக்காந்தா, எனக்கு ரெண்டு குஞ்சு எடுத்து வை. கருப்பா பாத்து வை. நான் வந்து முள்ளுக்கு இந்தப் பக்கம் நின்னு கூப்புடறேன்."

சாந்தம்மாள் தலையை ஆட்டினாள். முதுகு காட்டி நிற்பவளுக்கு அது தெரியாது என்று தோன்றி, "வைக்கிறேன் க்கா" என்று கத்தினாள். பாதிக் குரல் அழுகையிலேயே போயிற்று. கொல்லையிலிருந்து கோழிகள் அடைய வந்துகொண்டிருந்தன. அவள் வாசலுக்குத் திரும்பாமல், ஓடை இறக்கத்தில் அந்தக் கூடை கண்ணுக்கு மறைகிறவரைக்கும் முள்ளின் பக்கத்திலேயே நின்றாள்.